பதினேழாம் ஆண்டு, பத்தாம் மாதம்

“அப்போ செத்துப்போய்ப் பதினோரு வருஷம் கழிச்சு உட்கார்ந்து கதையை முடிச்சிருக்காரு,” என்றாள் ஆ-குவான். “பொறுப்பான மனுஷன். எங்க வீட்டுக்கு டைல்ஸ் போட வந்த கொத்தனார் உசிரோட இருக்கும்போதே பாதியில ஓடிட்டான்.”

எதிரே இருந்த மாணவன் சிரிக்கவில்லை. நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பெயர் து சுங்-வெய். இலக்கியத் துறையில் முதுகலை, கடைசி ஆண்டு.

கோ பிங்-ஷெங் அவன் நீட்டிய காகிதங்களை வாங்கினான். துப்பறியும் அலுவலகம் தொடங்கி ஒன்பது வருடம். தைனான் நகரத்தில் யாருடைய கணவன் எந்த விடுதிக்குப் போகிறான் என்பதைப் பார்த்துச் சொல்வதுதான் பெரும்பாலும் பிழைப்பு. ஒரு நாவலுக்காக இந்த மாடிப்படியை இதுவரை யாரும் ஏறியதில்லை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க. நடுவுல அக்கா ஏதாவது சொல்வாங்க. கண்டுக்காதீங்க.”

“கண்டுக்கிட்டாலும் தனிக் கட்டணம் கிடையாது தம்பி,” என்றாள் ஆ-குவான். நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது வருடம் பாக்குக் கடை வைத்திருந்தவள். கார் கண்ணாடி இறங்குகிற வேகத்தை வைத்தே உள்ளே இருப்பவன் பொய் சொல்வானா மாட்டானா என்று சொல்லிவிடுவாள். அதற்காகத்தான் பிங்-ஷெங் அவளை உதவிக்கு வைத்துக்கொண்டான். அவள் வாய் கூடவே வந்துவிட்டது.

சுங்-வெய் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

அவர்கள் நால்வர். அவன், பெய்-ரோங், ஹாவ்-யி, ஜப்பானிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த குராமோச்சி சயே. புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மாணவர் மன்றத்து அறையில் கூடி ஒரு பழைய நாவலைப் படித்தார்கள். வாரம் ஓர் அத்தியாயம். நாவலின் பெயர் ‘உப்பளத்து விளக்கு’. ஜப்பானியர் தீவை ஆண்ட காலத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஜப்பானிய மொழியிலேயே எழுதியது. ‘கரைக்கொக்கு’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். 1928-இல் ஒரு வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வாரம் வந்தது. அக்டோபரில் பத்திரிகையை மூடிவிட்டார்கள். கடைசி அத்தியாயம் வரவேயில்லை.

“மார்ச் மாசம் மன்றத்து அறைக்கு ஒரு கவர் வந்துச்சு சார். அனுப்பினவங்க பேர் இல்ல. உள்ளே பழைய தாள் பதினொண்ணு. கையெழுத்துல அந்தக் கடைசி அத்தியாயம். அடியில ‘பதினேழாம் ஆண்டு, பத்தாம் மாதம்’னு தேதி.”

“பதினேழுன்னா?”

“அந்தக் காலத்துல பேரரசர் பேர்லதானே ஆண்டு. ஷோவா பதினேழுன்னு எடுத்துக்கிட்டோம். அதாவது 1942. கதை நின்னு பதினாலு வருஷம் கழிச்சு, சண்டை நடக்கும்போது, அவர் மறுபடி எடுத்து முடிச்சிருக்கார்னு பெய்-ரோங் துறைப் பத்திரிகையில கட்டுரை எழுதினாங்க. சயே மொழிபெயர்த்தாங்க. செய்தித்தாள்காரங்க கூட வந்து போட்டோ எடுத்தாங்க.”

“அப்புறம் பேராசிரியர் ஒருத்தர் கரைக்கொக்கோட சாவுச் செய்தியைத் தோண்டி எடுத்துட்டார். 1931,” என்றான் பிங்-ஷெங், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து.

“ஆமா சார்.” அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். “போலின்னு ஆயிருச்சு. இந்த அளவுக்கு ஜப்பானியம் ஒரு ஜப்பான்காரியாலதான் எழுத முடியும்னு அவர் சொல்லிட்டார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணைக் குழு. சயேதான்னு முடிவானா உதவித்தொகை போயிடும். பட்டம் கிடையாது. ஊருக்கு அனுப்பிருவாங்க.”

“உங்களுக்கு ஜப்பானியம் வருமா?”

“சுமாரா. நான் நகல் எடுக்கறது, டீ வாங்கறதுன்னு சின்னச் சின்ன வேலைதான் பார்ப்பேன்.” எழுந்தான். பிறகு கதவருகில் நின்று, “அவங்க எழுதலைன்னு நிரூபிச்சா போதும் சார். யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிக்க வேண்டாம்,” என்றான்.

படியில் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை ஆ-குவான் காத்திருந்தாள்.

“முதலாளி, நம்மகிட்ட வர்றவங்க ‘யாரு அவ, யாரு அவ’ன்னு தானே கேட்பாங்க? இந்தப் பையன் வேண்டாங்கிறான்.”

“கேட்டுச்சு.”

“கண்ணாடி பாதிதான் இறங்குச்சு,” என்றாள் அவள்.

*

சயே விடுதிக்குப் பின்னால் இருந்த மீன் கஞ்சிக் கடையில் இருந்தாள். மதிய நேரத்து இரைச்சலில், சுவரைப் பார்த்துப் போட்டிருந்த ஒற்றை மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோழி ஒருத்தி கூடப் பக்கத்தில் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் செய்தித்தாளில் சிரித்த முகம்.

பிங்-ஷெங் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். ஆ-குவான் இரண்டு கஞ்சி சொல்லிவிட்டு, பக்கத்து மேஜையிலிருந்து கேட்காமலேயே இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டாள்.

“துறையில கேட்டப்போ நீங்க எழுதலைன்னு ஏன் சொல்லல?”

“சொன்னேனே. ஒரு தடவை.”

“ஒரு தடவை போதுமா பாப்பா?” என்றாள் ஆ-குவான். “எங்க ஊர்ல பாக்குல சுண்ணாம்பு கம்மின்னு சொல்றதுக்கே நாலு தடவை கத்தணும்.”

சயே மெல்லச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அதுக்கு மேல சொன்னா, அப்போ யாருன்னு கேட்பாங்க.”

“கேட்டா?”

அவள் கரண்டியால் கஞ்சியைக் கிளறினாள்.

பிங்-ஷெங் வாக்குமூலப் படிவத்தை எடுத்து நீட்டினான். பெயர், முகவரி, பிறந்த ஆண்டு. அவள் பெயரை வேகமாக எழுதினாள். முகவரியை எழுதினாள். பிறந்த ஆண்டுக் கட்டத்தில் பேனா நின்றது. இடது கை விரல்கள் மேஜைக்கு அடியில் ஒவ்வொன்றாக மடங்கின.

“ரெண்டாயிரத்து ரெண்டு... தொண்ணூத்தி ஒண்ணு,” என்று முணுமுணுத்தபடி எழுதினாள். “மன்னிக்கணும். வந்து ரெண்டு வருஷமாச்சு. உங்க ஆண்டை இன்னும் கழிச்சுப் பார்த்துதான் எழுத வருது.”

பிங்-ஷெங்கின் கை கஞ்சிக் கிண்ணத்தின் மேல் அப்படியே நின்றது.

தீவில் எல்லாப் படிவத்திலும் குடியரசு ஆண்டுதான். 1912 ஒன்று. மின் கட்டணம், திருமணச் சான்று, பால் புட்டியின் காலாவதி எல்லாம் அந்தக் கணக்குதான். பள்ளிக்கூடப் பிள்ளை கூட 1911-ஐ யோசிக்காமல் கழித்துவிடும். போன வருடம் ஜனவரியில் ஒரே வாரத்தில் பதினோரு அலுவலகங்களில் பிங்-ஷெங் மனைவியின் பெயருக்கு எதிரே, இறந்த தேதிக் கட்டத்தில், ‘113, முதல் மாதம்’ என்று எழுதினான். எழுதியது அவன் அல்ல. கை. மண்டைக்குள் அப்போது ஒன்றுமே இருக்கவில்லை.

“ஒரு கேள்வி,” என்றான். “யோசிக்காம சொல்லணும். 1928. ஜப்பானியக் கணக்குல எந்த ஆண்டு?”

“ஷோவா மூணு,” என்றாள் சயே.

“அக்கா, 1928. நம்ம ஆண்டுல?”

ஆ-குவான் வாயில் கஞ்சியோடு சொன்னாள். “பதினேழு.”

கடைக்காரர் பெரிய கத்தியால் மீன் தலையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அடக் கடவுளே,” என்றாள் ஆ-குவான், விழுங்கிவிட்டு. “அது நாற்பத்திரண்டு இல்ல. இருபத்தெட்டேதான்!”

“ஆமா. பொய்யா எழுதினவர் சரியான வருஷத்தைத்தான் நினைச்சார். பத்திரிகை நின்ன அதே மாசம், அதே வருஷம். ஆனா தேதி போடும்போது கை பழக்கத்துல போட்டுருச்சு. மின் கட்டணச் சீட்டுல போடுற மாதிரி. அந்தக் காலத்துல ஜப்பான்காரன் ஆட்சியில யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டாங்க. ஒரு ஜப்பான்காரி இன்னைக்கும் எழுத மாட்டா. சயே, உங்களுக்கு எதிரா இருக்கிற அந்தத் தேதிதான் உங்களைக் காப்பாத்தப் போகுது.”

அவள் முகத்தில் நிம்மதியைத் தேடினான். இல்லை.

“அதை எழுதாதீங்க கோ சார்,” என்றாள் அவள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “தயவுசெஞ்சு. குழுவுல நான் ஒருத்திதான் ஜப்பான்காரி. அது நான் இல்லைன்னா மூணு பேர்தான் மிச்சம்.”

படிவத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விட்டாள். கஞ்சி பாதி அப்படியே இருந்தது.

“தெரிஞ்சு வச்சிருக்கா,” என்றாள் ஆ-குவான்.

“ரொம்ப நாளா.”

“அப்போ இவளைக் காப்பாத்தச் சொல்லி ஒருத்தன் வர்றான். காப்பாத்தாதீங்கன்னு இவ சொல்றா. நாம யாருக்குத்தான் வேலை பாக்குறோம் முதலாளி?”

“கஞ்சியைக் குடிங்க.”

“நீங்க குடிக்கலையே.”

“சாப்பிட்டுட்டேன்.”

எப்போது என்று அவள் கேட்கவில்லை. ஒன்றரை வருடமாகக் கேட்பதில்லை.

*

மன்றத்து அறையில் பெய்-ரோங்கும் ஹாவ்-யியும் இருந்தார்கள். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெய்-ரோங் பெரிய கண்ணாடி போட்டவள், பேச்சில் வேகம். குழுவைத் தொடங்கியவள் அவள்தான்.

“நான்தான் கட்டுரை எழுதினேன். நான்தான் தேதியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். உதை எனக்குத்தானே விழணும்? அவளை ஏன் பிடிச்சுக்கிட்டாங்க?”

“ஏன்னா நீ எழுதின ஜப்பானியத்தைப் பார்த்தா பேராசிரியருக்குச் சிரிப்பு வரும்,” என்றான் ஹாவ்-யி. “என்னோடதைப் பார்த்தா அழுகை வரும்.”

“சுங்-வெய்?” என்று கேட்டான் பிங்-ஷெங்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரை அவர்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று தெரிந்தது.

“அவன் வருவான், உட்காருவான்,” என்றாள் பெய்-ரோங். “நல்லவன். டீ யாருக்கு எவ்வளவு சர்க்கரைன்னு மறக்கவே மாட்டான். ஆனா வாயைத் திறந்து நான் அதிகம் பார்த்ததில்ல.”

“புதன்கிழமை இன்னும் கூடுறீங்களா?”

“இல்ல சார். எங்க? இது நடந்ததும் நின்னுபோச்சு. நடக்கலைன்னாலும் நின்னுதான் போயிருக்கும். எனக்கு ஷின்ச்சூவுல வேலை கிடைச்சிருச்சு. இவனுக்கு ராணுவச் சேவை. சயே ஜூலையில ஊருக்குப் போறா. புத்தகமும் முடிஞ்சுது.”

அவர்கள் சேர்ந்து படித்த பிரதியைக் கொடுத்தாள். நகலெடுத்துக் கட்டிய தடிமனான கட்டு. நால்வருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். துணிப்பையில் போட்டு வாரம் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஓரத்தில் அவரவர் நிறப் பென்சிலால் குறிப்பு எழுத வேண்டும், மற்றவர்கள் அதற்குக் கீழே பதில் எழுத வேண்டும். பெய்-ரோங் வைத்த சட்டம். சிவப்பு, நீலம், பழுப்பு, பச்சை என்று பக்கங்களின் ஓரம் முழுக்கச் சண்டையும் கேலியுமாக இருந்தது. ஓரிடத்தில் நீலம் ஒரு பத்தி எழுதியிருக்க, பழுப்பு அதற்குக் கீழே, “தாயே, மூச்சு விடு,” என்று எழுதியிருந்தது.

பச்சை மட்டும் எப்போதும் சின்ன எழுத்தில், ஒரே வரியில். பெரும்பாலும் அதற்குக் கீழே யாரும் எதையும் எழுதவில்லை.

பிங்-ஷெங் பிரதியையும் கடைசி அத்தியாயத்தின் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தான். ஆ-குவான் இரண்டு படி கீழே.

பத்தொன்பதாம் அத்தியாயம் முடிந்த வெற்றுப் பக்கத்தில், போன டிசம்பர் தேதி போட்டு, நாலு நிறத்தில் நாலு கேள்வி இருந்தது. கதை அந்தரத்தில் நின்றதால், ஆளுக்கு ஒன்று, இனி யாராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி.

“நான் கேள்வியைப் படிக்கிறேன். கடைசி அத்தியாயத்துல பதில் இருக்கான்னு பாருங்க. சிவப்பு. உடைஞ்சுபோன விளக்கை அந்தப் பொண்ணு ஏன் தூக்கிப் போடல?”

ஆ-குவான் விரலை நக்கிப் பக்கங்களைப் புரட்டினாள். “இருக்கு. மூணாம் பக்கம். அதோட அடித்தட்டுல அவ அப்பன் கைரேகை உப்போட காஞ்சு ஒட்டியிருக்காம். அட, நல்லாத்தான் இருக்கு.”

“நீலம். வேலைநிறுத்தத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தது யார்?”

“ஆறாம் பக்கம். மேஸ்திரியோட மச்சான். எனக்கு அப்பவே தெரியும்.”

“எப்பவே? நீங்க கதையைப் படிக்கவே இல்லையே.”

“முதலாளி, மச்சான்னு ஒருத்தன் இருந்தா அவன்தான்.”

“பழுப்பு. படகுக்காரனோட நாய் என்ன ஆச்சு?”

ஆ-குவான் புரட்டினாள். படித்தாள். சிரித்தாள். படிக்கட்டு எதிரொலித்தது. “அரைப் பக்கம்! நாய் நீந்திக் கரை ஏறி, கோயில் பூசாரிகிட்ட வளர்ந்து, ஒம்பது குட்டி போட்டிருக்கு. குட்டிங்களுக்குப் பேர் வேற. ஏன் முதலாளி, ஊரே போலீஸ் லாரியில ஏறிக்கிட்டு இருக்கு, கடைசி அத்தியாயம் எழுதுற எவனாவது நாய்க்கு அரைப் பக்கம் ஒதுக்குவானா?”

“மாட்டான். 1928-இல யாரும் அந்த நாயைப் பத்திக் கேட்கல. இந்தப் பழுப்புப் பென்சில் மட்டும்தான் கேட்டுச்சு, போன டிசம்பர்ல. இது கதையோட முடிவு இல்லக்கா. இந்த ஓரத்துல எழுதினவங்களுக்கு வந்த பதில்.”

அவள் சிரிப்பு நின்றது.

“பச்சை,” என்றான் பிங்-ஷெங். “ஒவ்வொரு சாயங்காலமும் உப்பள வரப்புல வந்து நிக்கிற ஆள் யாருக்காகக் காத்திருக்கான்?”

அவள் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். “வர்றான். கடைசிப் பக்கத்துலயும் வரப்புல வந்து நிக்கிறான். யாருக்காகன்னு இல்ல.”

“மூணு பேருக்குப் பதில் இருக்கு. ஒருத்தருக்கு இல்ல.”

“எழுதினவனுக்கே தெரியலையா?”

“தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டானே.”

பிங்-ஷெங் கட்டை மூடி முன்னட்டையின் உட்புறத்தைப் பிரித்தான். நாலு பெயர்கள், அவரவர் நிறத்தில். பச்சையில் இருந்த பெயரை ஆ-குவான் குனிந்து படித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வேலை கொடுத்தவனையே புடிச்சுக் கொடுக்கிற ஒரே ஆபீஸ் நம்மளுதுதான் முதலாளி. போர்டுல எழுதி வைக்கலாம்.”

*

அன்று புதன்கிழமை. நான்கு மணிக்குச் சுங்-வெய் வந்தான். கையில் நாலு டீ தொங்கியது.

பெய்-ரோங்கும் ஹாவ்-யியும் போய்விட்டிருந்தார்கள். அறையில் பிங்-ஷெங் மட்டும் இருந்தான். ஆ-குவான் கீழே ஸ்கூட்டரில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். இதைப் பார்க்கத் தனக்கு நெஞ்சு இல்லை என்று சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது, ஸ்கூட்டரைத் துடைக்க வேண்டும் என்றாள்.

மேஜை மேல் விரித்து வைத்திருந்த வெற்றுப் பக்கத்தை மாணவன் பார்த்தான். நாலு கேள்விகள். டீப் பையை மெதுவாக இறக்கி வைத்தான்.

“வேண்டாம்னு சொன்னேனே சார்.”

“நாயை விட்டிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.”

“ஹாவ்-யி அந்த நாயை நினைச்சு நிஜமாவே வருத்தப்பட்டான்.” உட்கார்ந்தான். “சிரிக்கிற மாதிரிதான் கேட்டான். ஆனா வருத்தம்தான்.”

“ஜப்பானியம் சுமார்னு சொன்னீங்க.”

“பேச வராது. ஆறு வருஷமா தனியா ரூம்ல உட்கார்ந்து படிச்சது. பேச ஆள் இல்ல. எழுத மட்டும்தான் வரும். சயே முன்னால வாயைத் திறக்க வெட்கமா இருந்துச்சு.”

“ஏன் எழுதினீங்க?”

அவன் டீப் பையின் முடிச்சை நெருடினான். வெளியே மைதானத்தில் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பத்தொன்பதாவது வாரம் முடிஞ்சுது சார். எல்லாரும் கை தட்டினோம். அடுத்து என்ன படிக்கலாம்னு யாராவது கேட்பாங்கன்னு பார்த்தேன். பெய்-ரோங் பையை எடுத்துக்கிட்டாங்க. யாரும் கேட்கல. நான் கேட்டிருக்கலாம். நாலஞ்சு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு.” நிறுத்தினான். “இப்படி ஒரு அத்தியாயம் கிடைச்சா நாங்க மூணு வாரம் அடிச்சுக்குவோம். மூணு வாரம் கிடைக்கும்னு நினைச்சேன். அவ்வளவுதான். அதைப் பத்திரிகையில போடுவாங்கன்னு நான் நினைக்கல.”

மூன்று வாரம். தன் மனைவியோடு அப்படி மூன்று வாரம் கிடைத்திருந்தால் அதை என்ன செய்திருப்பான் என்று பிங்-ஷெங் ஒரு கணம் யோசித்தான். பிறகு அந்த யோசனையை மூடி வைத்தான். அதில் அவன் தேறியிருந்தான்.

“தேதியில தப்பு.”

“என்ன தப்பு? 1928 அக்டோபர்தானே?” உதடுகள் அசைந்தன. கணக்குப் போட்டான். முகம் வெளுத்தது. “பதினேழுன்னு... நான் யோசிக்கவே இல்ல சார். கை எழுதிருச்சு.”

“தெரியும்.”

“அப்போ அதைச் சொல்லுங்க குழுவுல! சயே இல்லைன்னு அதுவே நிரூபிக்குமே. ஜப்பான்காரங்க யாரும் பதினேழுன்னு...”

“தன்னை யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு சயே வேணும்னே அப்படி எழுதினாங்கன்னு பேராசிரியர் சொல்லுவார். அதை உடைக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. எழுதினவர் வந்து சொன்னாத்தான் உண்டு.”

“என்னை நீக்கிருவாங்க.”

“நீக்கலாம்.”

“அது பரவாயில்ல சார்.” அவன் டீப் பையைத் தள்ளி வைத்தான். “ஏன் எழுதினேன்னு கேட்பாங்க. இவங்க மூணு பேர் முன்னாடி. புதன்கிழமைக்காகன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவங்களுக்கு அது ஒரு வகுப்பு மாதிரி. முடிஞ்சுது, போயிட்டாங்க. எனக்கு வாரத்துல ஒரு நாள்தான் இருந்துச்சுன்னு எப்படி...”

“ஒருத்தருக்கு ஏற்கெனவே தெரியும்.”

சுங்-வெய் நிமிர்ந்தான்.

“மதியம் சயேவைப் பார்த்தேன். தேதிதான் அவங்க தப்பிக்கிற வழின்னு சொன்னேன். எழுதாதீங்கன்னு கெஞ்சினாங்க. மூணு பேர்தான் மிச்சம்னாங்க. துறையில கேட்டப்போ அவங்க வாயை மூடிக்கிட்டு இருந்தது பயத்துனால இல்ல. எழுதினது உங்க மூணு பேர்ல ஒருத்தர்னு தெரிஞ்சு, பட்டமும் போகட்டும்னு உட்கார்ந்திருக்காங்க.”

“நான்னு தெரியுமா?”

“ஓரத்துல எழுதினதெல்லாம் அவங்களும் படிச்சவங்கதானே.”

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கவில்லை. சத்தமும் இல்லை. பிங்-ஷெங் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். இப்படி உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

டீ ஆறியது.

“நாளைக்கு எத்தனை மணி?” என்று முகத்திலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டான் சுங்-வெய். அவனே காலையில் சொன்னதுதான்.

“பத்து.”

*

வியாழக்கிழமை. விசாரணை அறைக்கு வெளியே நீண்ட மர இருக்கை. பெய்-ரோங்கும் ஹாவ்-யியும் ஒரு பக்கம் நின்றார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருந்தது. சயே இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே சுங்-வெய் கதவைத் தட்டி உள்ளே போய்விட்டான்.

நாற்பது நிமிடம்.

“உள்ள தூங்கிட்டாங்களா?” என்றாள் ஆ-குவான். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. செயலர் அம்மாள் வந்து சயேவிடம் இரண்டு வாக்கியம் சொன்னார். அவள் மேல் இருந்த புகார் தள்ளுபடி. அவள் போகலாம். பின்னாலேயே சுங்-வெய் வந்தான். ஓர் ஆண்டு இடைநீக்கம் என்று பெய்-ரோங்கிடம் சொன்னான். ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வது போல.

பெய்-ரோங் எதையோ பேச வாயைத் திறந்தாள். ஹாவ்-யி அவள் கையைப் பிடித்தான்.

சுங்-வெய் யார் முகத்தையும் பார்க்காமல் படிக்கட்டை நோக்கி நடந்தான். மூன்று எட்டு வைத்திருப்பான்.

“அந்தப் பேராசிரியர், ஒரு ஜப்பான்காரியாலதான் இப்படி எழுத முடியும்னாரே,” என்றாள் சயே. உரக்கச் சொல்லவில்லை. ஆனால் அவன் நின்றான். “மொழிபெயர்க்கும்போதே ஏழு தப்பு பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல.”

அவன் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

“எனக்கு ஜூலை வரைக்கும் நேரம் இருக்கு,” என்றாள் சயே. இருக்கையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு தன் மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னாள். பிங்-ஷெங்குக்கு ஜப்பானியம் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

உட்காரு.

ஆறு வருடம் எழுத மட்டுமே தெரிந்தவன் வாயைத் திறந்தான். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை வந்தது. அவன் சொன்னது என்னவோ, அதிலும் ஒரு தப்பு இருந்திருக்க வேண்டும். சயே உடனே திருத்தினாள்.